ஊருக்கே வைத்தியம் பார்க்க ஒரு பட்டம்

டாக்டர் என்றால் நம் ஊரில் இரண்டே வகைதான். ஊசி போடுகிற டாக்டர் ஒருவர். ஊசி போடத் தெரியாத டாக்டர் இன்னொருவர், அதாவது பிஎச்டி முடித்தவர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விநோதமான டாக்டர் பட்டம் இருக்கிறது. அதை வாங்கியவர் தனி ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஊருக்கு, ஒரு மாநிலத்துக்கு, ஒரு நாட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஆங்கிலத்தில் 'பாப்புலேஷன் ஹெல்த்' என்கிறார்கள். மக்கள்தொகை நலம் என்று தமிழில் சொல்லலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டம் வாங்க என்னென்ன செய்ய வேண்டும்? பொதுவாக முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புக்குப் போக வேண்டும். நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, மக்கள்தொகைக் கணக்கு முறைகள், சமூகக் காரணிகள், ஆய்வு நெறிமுறை என்று பேப்பர்கள். பிறகு ஒரு பெரிய தகுதித் தேர்வு. அதில் தேறினால் ஆய்வுத் திட்டம். அதைக் குழு ஏற்றுக்கொண்டால் ஆய்வேடு. கடைசியில் வைவா. எல்லாம் முடிய நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் கொட்டாவிதான் வரும். ஆனால் இதை எந்தக் கமிட்டியும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. ஒவ்வொரு பேப்பரும் பட்டியலில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் யாரோ தப்பாகக் கணக்குப் போட்டு, அதனால் யாரோ செத்துப்போன காரணம். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யாருக்குப் பட்டம்?

1909-இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். அந்த வேலையை நடத்தியவர் விக்லிஃப் ரோஸ். இவர் மருத்துவர் இல்லை, தத்துவப் பேராசிரியராக இருந்தவர். களத்தில் இறங்கியதும் அவருக்கு ஒன்று புரிந்தது. மருந்து இருக்கிறது, பணம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆள்தான் இல்லை! சுகாதார அதிகாரி என்று பெயர் போட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் சொந்தமாக கிளினிக் நடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஊர்ச் சுகாதாரத்தைக் கவனித்தவர்கள்.

இதற்குத் தனியாக ஒரு பள்ளி வேண்டும் என்று பேச்சு எழுந்தது. 1915-இல் ரோஸும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியின் முதல் டீனாக இருந்த வில்லியம் வெல்ச்சும் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். சேர்ந்து கொடுத்தார்களே தவிர, இரண்டு பேர் மனதிலும் இருந்தது வேறு வேறு பள்ளி. ரோஸுக்குக் களத்தில் வேலை செய்ய நிறைய ஆட்கள் வேண்டும். வெல்ச்சுக்கு ஜெர்மனியில் பார்த்தது போல ஆராய்ச்சி நடக்கிற பெரிய நிறுவனம் வேண்டும். கடைசியில் வெல்ச்சின் எண்ணம்தான் ஜெயித்தது. ஹார்வர்டு, கொலம்பியா எல்லாம் போட்டியில் இருந்தும் ராக்பெல்லர் பணம் 1916-இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனது. 1918 அக்டோபரில் பள்ளி திறந்தது. அந்த மாதம்தான் உலகத்தையே உலுக்கிய இன்புளுயன்சா பால்டிமோரிலும் உச்சத்தில் இருந்தது!

புதுப் பள்ளிக்கு முதல் கேள்வி: யாரைச் சேர்ப்பது? மருத்துவம் படிக்காதவர் மக்கள் நலத்தில் டாக்டர் ஆகலாமா? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 1913-இல் தொடங்கிய பள்ளி மருத்துவர் அல்லாதவரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது கொடுத்தது சான்றிதழ்தான். ஹாப்கின்ஸ் இரண்டு கதவு வைத்தது. மருத்துவர்களுக்குப் பொதுச் சுகாதார டாக்டர் பட்டம். மற்ற அறிவியல் பட்டதாரிகளுக்குச் சுகாதாரத்தில் அறிவியல் டாக்டர் பட்டம். ஒரே கட்டடம், ஏறக்குறைய ஒரே வகுப்புகள், ஆனால் வேறு வேறு வாசல்.

இது ஏதோ கௌரவப் பிரச்சினை என்று தோன்றலாம். அப்படி இல்லை. மருத்துவர் அல்லாதவரை வெளியே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே காலத்து உதாரணம் ஒன்று இருக்கிறது.

பொருளாதாரக்காரர் கண்டுபிடித்த நோய்க் காரணம்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அப்போது பெல்லாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு, புத்தி தடுமாற்றம், பிறகு சாவு. இது தொற்றுநோய் என்றுதான் பல மருத்துவர்கள் நம்பினார்கள். தென் கரோலினா பஞ்சாலைக் கிராமங்களில் ஆய்வு செய்த ஒரு மருத்துவக் குழுவும் அதையே சொன்னது. காரணம், ஒரு வீட்டில் வந்தால் பக்கத்து வீட்டிலும் வந்தது.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் இதை ஏற்கவில்லை. சாப்பாட்டில்தான் கோளாறு என்றார். அவரோடு சேர்ந்தவர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர். இவர் பொருளாதாரம் படித்தவர். (நோபல் பரிசு வாங்கிய நாவலாசிரியை பேர்ல் பக்கின் அண்ணன் இவர்.) 1916-இல் இருவரும் 7 பஞ்சாலைக் கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் யாருக்கு நோய் என்று பார்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு எவ்வளவு சம்பளம் வருகிறது, கடையில் என்ன வாங்குகிறார்கள், பால் உண்டா, இறைச்சி உண்டா என்று கணக்கு எடுத்தார்கள்.

கணக்கைப் பார்த்ததும் விஷயம் தெளிவானது. வருமானம் குறையக் குறைய பெல்லாக்ரா ஏறியது. பக்கத்து பக்கத்து வீடுகளில் நோய் வந்தது கிருமியால் இல்லை. பக்கத்து பக்கத்து வீடுகளில் ஒரே மாதிரி ஏழைகள் இருந்ததால்! சோளமும் வெல்லப்பாகும் கொழுப்பும் மட்டுமே தின்று வாழ்ந்தவர்கள் அவர்கள். நியாசின் என்ற வைட்டமின் இல்லாததுதான் காரணம் என்று 1937-க்குப் பிறகுதான் தெரிந்தது. வைட்டமினின் பெயர் தெரிவதற்கு இருபது ஆண்டு முன்பே, எங்கே தேட வேண்டும் என்பதைக் குடும்ப வரவு செலவுக் கணக்கு காட்டிவிட்டது.

இன்று இந்தப் படிப்பில் சமூக, பொருளாதாரக் காரணிகளுக்குத் தனிப் பேப்பர் இருப்பதன் நியாயம் இதுதான்.

தவறான ஒப்பீடு

மருத்துவர் அல்லாதவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. ஹாப்கின்ஸ் புள்ளியியல் துறையின் முதல் தலைவர் ரேமண்ட் பேர்ல் ஓர் உயிரியலாளர், பெரிய மேதை. அவர் 1929-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது, 'இப்படிச் செய்யாதே' என்பதற்காக.

ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்த சுமார் 7,500 பிரேதப் பரிசோதனைகளின் குறிப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். புற்றுநோய் இருந்தவர்களில் 6.6 சதவீதம் பேருக்குத்தான் தீவிரக் காசநோய்ப் புண்கள் இருந்தன. புற்றுநோய் இல்லாதவர்களில் 16.3 சதவீதம் பேருக்கு இருந்தன. ஆகவே காசநோய் புற்றுநோயைத் தடுக்கிறது என்று முடிவு கட்டினார். அந்த நம்பிக்கையில் புற்றுநோயாளிகளுக்கு டியூபர்குலின் கொடுத்துப் பார்க்கும் சோதனைகூட நடந்தது.

எங்கே தப்பு? 'புற்றுநோய் இல்லாதவர்கள்' என்ற கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். அவர்களும் ஆஸ்பத்திரியில் செத்தவர்கள்தான். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சாகிற பலருக்குக் காரணமே காசநோய்! அந்தக் கூட்டத்தில் காசநோய் அதிகம் இருக்காமல் என்ன செய்யும்? இதய நோயால் இறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது.

பேர்ல் போட்ட சதவீதத்தில் ஒரு புள்ளிகூடப் பிழை இல்லை. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பதில்தான் பிழை. ஆய்வு வடிவமைப்பு என்று ஒரு பேப்பர் தனியாக இருப்பது இதற்காகத்தான். இதில் அரியர் வைத்தால் நோயாளிகள் உடம்பில் தேவையில்லாத ஊசி ஏறும்.

எந்த பேட்ச்?

அதே பள்ளியில் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் முதல் நோய்ப்பரவலியல் பேராசிரியர். 1854-இல் லண்டனில் காலராவைத் துரத்திய ஜான் ஸ்நோவின் எழுத்துகளை 1936-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்து, மாணவர்கள் கையில் சேர்த்தவர்.

ஃப்ராஸ்ட் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் காசநோய்ச் சாவுக் கணக்கை எடுத்தார். 1930-ஆம் ஆண்டுக் கணக்கில் வயதானவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். அப்படியானால் வயதானால் ஆபத்து என்றுதானே யாரும் சொல்வார்கள்? ஃப்ராஸ்ட் கணக்கை வேறு மாதிரி அடுக்கினார். கல்லூரியில் 2005 பேட்ச், 2006 பேட்ச் என்பார்கள் இல்லையா, அது போல ஒரே பத்தாண்டில் பிறந்தவர்களை ஒரு பேட்ச் ஆக்கி, குழந்தையிலிருந்து கிழவராகும் வரை பின்தொடர்ந்தார். இப்போது படம் தலைகீழாக மாறியது. குழந்தைப் பருவத்தைத் தாண்டிய பிறகு, அந்த பேட்ச் ஆட்கள் காசநோயால் அதிகம் இறந்தது இருபதுகளில்! 1930-இல் வயதானவர்களாக இருந்தவர்கள், காசநோய் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிறந்த பேட்சில் மிஞ்சியவர்கள். புதிதாகப் பிறந்த ஒவ்வொரு பேட்சும் முந்தையதைவிடக் குறைவாகவே இறந்துகொண்டிருந்தது. நோய் பின்வாங்கிக்கொண்டிருந்தது என்பது இதிலிருந்து தெரிந்தது.

இந்தக் கட்டுரை அச்சில் வந்தது 1939-இல். அதற்கு முந்தைய ஆண்டே ஃப்ராஸ்ட் இறந்துவிட்டார். மக்கள்தொகைக் கணக்கு முறைகள் என்ற பேப்பரில் இந்த பேட்ச் முறை இன்றும் கட்டாயப் பாடம்.

சிங்கூரில் இரண்டு பேரேடுகள்

இதெல்லாம் அமெரிக்கக் கதை. சாவையும் பிறப்பையும் ஒழுங்காகப் பதிவு செய்த நாட்டில் அப்படிக் கணக்குப் போடலாம். பதிவே ஒழுங்காக இல்லாத நாட்டில்?

1932-இல் ராக்பெல்லர் பணத்தின் உதவியோடு கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார மற்றும் பொதுநல நிறுவனம் தொடங்கியது. அங்கே பணிபுரிந்த சி. சந்திரசேகரன் என்ற புள்ளியியலாளர், அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார். (டெமிங் யார் என்று மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்குத் தெரியும். ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர்.) கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் சுகாதார மையத்தின் கிராமங்களில் சேகரித்த கணக்கை வைத்து எழுதப்பட்டது அது.

வழி ரொம்ப எளிது. வணிகவியல் மாணவர்கள் ரொக்க ஏட்டையும் வங்கிச் செல்லேட்டையும் வைத்துக்கொண்டு வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு பேச்சுக்கு, ஒரு கிராமப் பதிவேட்டில் 80 பிறப்புகள் இருக்கின்றன. தனியாக வீடு வீடாகப் போய் விசாரித்தவர்கள் 90 பிறப்புகளை எழுதினார்கள். இரண்டிலும் இருப்பவை 72. பதிவேட்டின் 80-இல் 72-ஐ, அதாவது 90 சதவீதத்தை, விசாரித்தவர்கள் பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் எழுதிய 90 என்பதும் மொத்தத்தில் 90 சதவீதமாக இருக்க வேண்டும். மொத்தம் 100! இரண்டு ஏடுகளையும் சேர்த்தாலும் கிடைப்பது 98 பெயர்கள்தான். ஆக, எந்த ஏட்டிலும் இல்லாத 2 குழந்தைகள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. இரண்டு கணக்கையும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக எடுத்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

யாருமே எழுதி வைக்காத குழந்தைகளையும் எண்ணிக்கையில் சேர்க்க வழி கிடைத்தது. பதிவு அரைகுறையாக இருந்த பல நாடுகள் பிறகு இந்த முறையைப் பயன்படுத்தின. 1956-இல் பம்பாயில் மக்கள்தொகைப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் தனி மையம் வந்தது. சந்திரசேகரன் பின்னாளில் அதன் இயக்குநராகவும் இருந்தார். இன்று சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் என்ற பெயரில் பிஎச்டி கொடுப்பது அதே மையம்தான்.

எல்லாம் படித்தும் தவறியவர்கள்

கணக்கு சரி, ஒப்பீடு சரி, பேட்ச் சரி. இவ்வளவும் தெரிந்தவர்கள் செய்த கொடுமை ஒன்று உண்டு. அலபாமாவின் டஸ்கிகீ. 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அங்கே 399 கறுப்பின ஆண்களை ஆய்வுக்கு எடுத்தது. எல்லோருக்கும் சிபிலிஸ். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத 201 பேர். சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். நோயின் உண்மைப் பெயரைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. அப்போதும் கொடுக்கவில்லை.

இது ரகசியமாக நடக்கவில்லை என்பதுதான் கொடுமையிலும் கொடுமை. 1936 முதல் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டே இருந்தன. பட்டம் பெற்றவர்கள் படித்தார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள். 1972-இல் செய்தித்தாள்களில் வந்த பிறகுதான் ஆய்வு நின்றது. 40 ஆண்டுகள்! 1974-இல் அமெரிக்காவில் ஆய்வுகளுக்கான சட்டம் வந்தது, 1979-இல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. ஆய்வு நெறிமுறை என்ற பேப்பர் மாணவர்களுக்குக் கட்டாயமானது இதற்குப் பிறகுதான்.

சராசரி போதாது

கடைசியாக, 'பாப்புலேஷன் ஹெல்த்' என்ற பெயர். 1967-இல் லண்டனில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை வைத்து ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம். யாரும் பட்டினி இல்லை. ஆனாலும் மேல்மட்ட அதிகாரிகளோடு ஒப்பிட்டால் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது மூன்று மடங்குக்கு மேல். நடுவில் இருந்தவர்கள் சாவிலும் நடுவில் இருந்தார்கள். பதவி ஏணியில் ஒவ்வொரு படி இறங்க இறங்க சாவு ஒரு படி ஏறியது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சியது.

இது போன்ற ஆய்வுகளிலிருந்துதான் ஒரு கேள்வி பிறந்தது. ஒரு நாட்டின் சராசரி ஆயுள் ஏறினால் மட்டும் போதுமா? ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவன் ஆயுள் ஏறியதா? கனடா ஆய்வாளர்கள் 1990-களில் இந்தப் பெயரைப் பரப்பினார்கள். 2003-இல் கிண்டிக், ஸ்டொடார்ட் என்ற இருவர் இதற்கு ஒரு வரையறை எழுதினார்கள். அதன்படி ஒரு கூட்டத்தின் நலம் எவ்வளவு என்பதோடு, அது கூட்டத்துக்குள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் ஆண்டுப் புள்ளியியலில் சராசரி முடிந்ததும் திட்டவிலக்கம் வருகிறதே, அதே நியாயம்தான்.

இன்றைய வாசல்

ஹாப்கின்ஸ் வைத்த இரண்டு வாசல் கதை பிறகு என்ன ஆனது? இன்று இந்தப் பிஎச்டியில் சேர மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. பொருளாதாரம், சமூகவியல், புள்ளியியல் படித்தவர்கள் சேர்கிறார்கள். கணக்குத் தெரியாத மருத்துவருக்கும், நோயைத் தெரியாத கணக்குக்காரருக்கும் ஒரே பேப்பர்கள்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகள் பிஎச்டிக்கு வகுப்புப் பாடத்தைக் கட்டாயமாக்கின. 2022 விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு நெறிமுறையும் உண்டு. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுநிலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன.

இந்தப் பிரிவினையில் நஷ்டமும் இருக்கிறது. மக்கள் நலத்துக்குத் தனிப் பள்ளி வந்தபின், மருத்துவக் கல்லூரிகள் 'அது அவர்கள் வேலை' என்று ஒதுங்கிவிட்டன என்ற குறை அமெரிக்காவில் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. கோல்ட்பெர்கரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் போல மருத்துவரும் பொருளாதாரக்காரரும் ஒரே வீட்டுக் கதவைச் சேர்ந்து தட்டுவது இப்போதும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

'பேப்பரைப் பாஸ் பண்ணினால் போதும், இதெல்லாம் எதற்குப் படிக்கிறோம்' என்று எந்தப் படிப்பிலும் மாணவர்கள் புலம்புவது வழக்கம். இந்த ஒரு பட்டத்தின் பாடத்திட்டத்திலாவது ஒவ்வொரு பேப்பருக்கும் பதில் இருக்கிறது. தென் கரோலினா பஞ்சாலைத் தொழிலாளி, டியூபர்குலின் ஊசி போட்டுக்கொண்ட புற்றுநோயாளி, சிங்கூரில் எந்த ஏட்டிலும் எழுதப்படாத குழந்தை, டஸ்கிகீயில் பென்சிலின் மறுக்கப்பட்டவர். இவர்களுக்காகத்தான் அந்தப் பேப்பர்கள்.